அடுத்த வீட்டு நாய் ஏன் ஓயாமல் குரைக்கிறது? வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: பக்கத்து வீட்டில் கணவன், மனைவி இருவரும் காலையில் வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் போனதிலிருந்து மாலை வரை நாய் குரைத்துத் தீர்க்கிறது. சொல்லிப் பார்த்தேன். “எங்க நாய் குரைக்கவே குரைக்காதே” என்கிறார்கள். எப்படி நம்ப வைப்பது?

பதில்: அவர்கள் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆள் இருக்கும்வரை காலடியில் சாதுவாகப் படுத்திருந்து, கதவைப் பூட்டிய பிறகு ஆரம்பிக்கும் நாய்கள் நிறைய. அவர்கள் அதைக் கேட்டதே இல்லை. ‘எப்பவும் குரைக்குது’, ‘குரைக்கவே குரைக்காது’ என்று எத்தனை நாள் பேசினாலும் பேச்சு நகராது. ஒரு குறிப்பேடு எடுங்கள்.

இரண்டு வாரம் எழுதினால் போதும். தேதி, குரைப்பு தொடங்கிய நேரம், நின்ற நேரம், நடுவில் எவ்வளவு ஓய்ந்தது, அந்த நேரத்தில் வெளியே என்ன நடந்தது, உங்கள் சன்னல் திறந்திருந்ததா மூடியிருந்ததா. இவ்வளவுதான். ‘காது கிழிகிறது’, ‘சித்திரவதை’ போன்ற வர்ணனைகள் வேண்டாம். படிப்பவர் உடனே தற்காப்புக்குப் போய்விடுவார். குரைக்காத நாட்களையும் மறக்காமல் எழுதுங்கள். விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். விடுமுறை நாளில் மட்டும் அமைதி என்றால் தனிமைதான் காரணம். பொருள் கொண்டுவருகிறவர்கள் வரும் நேரத்தில் மட்டும் வெடித்து அடங்குகிறது என்றால் அது காவல் குரைப்பு. யாரும் வராமல், எதுவும் நடக்காமல் ஒரே தாளத்தில் மணிக்கணக்காகப் போகிறது என்றால் பெரும்பாலும் சலிப்பு.

தொனியையும் ஒரு சொல்லில் குறித்து வையுங்கள். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சோஃபியா யின், அந்நியர் மணி அடிக்கும்போதும், நாய் தனியாக அடைபட்டிருக்கும்போதும், விளையாடும்போதும் எழும் குரைப்புகளைப் பதிந்து ஒப்பிட்டு 2002இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். மணிச் சத்தத்துக்குக் குரைப்பது தாழ்ந்த சுருதியில், கரகரப்பாக, ஏற்ற இறக்கம் இல்லாமல் இருந்தது. தனிமையில் குரைப்பது உயர்ந்த சுருதியில், ஏறி இறங்கி ஒலித்தது. கொஞ்ச நாள் கவனித்தால் சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே வித்தியாசம் பிடிபடும்.

கூடவே உங்கள் வீட்டுக்குள்ளிருந்து ஒன்றிரண்டு நிமிடப் பதிவுகள் மூன்று நான்கு. மதில்மேல் கைப்பேசியை நீட்டி அவர்கள் வீட்டைப் படம் பிடிக்காதீர்கள்; நாய் விவகாரம் வேறு விவகாரமாகிவிடும். சத்தத்தின் அளவை டெசிபல் கணக்கில் காட்டும் செயலிகளை ஆதாரமாக நம்பவும் வேண்டாம். கைப்பேசியின் மைக் அளவீட்டுக்காகச் சரிபார்க்கப்பட்டதல்ல. நேற்றையும் இன்றையும் ஒப்பிட உதவும், அவ்வளவே.

கேள்வி: குறிப்பெல்லாம் தயார். ஆனால் போய்ப் பேசினால் சண்டையாகிவிடுமோ என்று பயம். எப்படித் தொடங்குவது?

பதில்: நாய் குரைத்துக்கொண்டிருக்கும்போது போகாதீர்கள். அந்த நேரத்தில் உங்கள் குரலிலும் சூடு இருக்கும், அவர்களுக்கும் வெட்கமாக இருக்கும். அவர்கள் வேலையிலிருந்து வந்து இறங்கும் நிமிடமும் வேண்டாம். ஓய்வான ஒரு நேரத்தில், தனியாகப் போங்கள். நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு போனால் அது பஞ்சாயத்து.

முதல் வாக்கியம் நாயைப் பற்றிய தகவலாக இருக்கட்டும். “நீங்க கிளம்பினதும் பத்து நிமிஷத்துல குரைக்க ஆரம்பிக்குது, மதியம் வரைக்கும் விட்டு விட்டுக் கேக்குது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுன்னுதான் சொல்ல வந்தேன்.” இதில் குற்றச்சாட்டு இல்லை, அவர்களால் கண்டுபிடிக்க முடியாத ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள். நேரில் பேசத் தயக்கமென்றால் எழுதிக் கொடுக்கலாம்:

“வணக்கம். நீங்கள் வெளியே போயிருக்கும் நேரத்தில் உங்கள் நாய் அதிகம் குரைப்பதைச் சில நாட்களாகக் கவனிக்கிறேன். நேரங்களை இத்துடன் குறித்துத் தந்திருக்கிறேன். தனியாக இருப்பது அதற்குக் கஷ்டமாக இருக்கிறதோ என்று தோன்றுகிறது. எனக்கும் பகலில் வேலை செய்ய முடியவில்லை. உங்களுக்கு வசதியான நேரம் சொன்னால் பேசலாம். நீங்கள் ஏதாவது மாற்றிப் பார்த்தால், நாள் முழுக்க எப்படி இருந்தது என்று நானே செய்தி அனுப்புகிறேன்.”

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஆளில்லா நேரத்துக் குரைப்பைச் சரிசெய்ய முயலும் வீட்டுக்காரருக்கு, எது பலித்தது எது பலிக்கவில்லை என்று சொல்ல ஓர் ஆள் தேவை. தேதி போட்டு, நகல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாய்க்கு மட்டும் கேட்கும் ஒலியை எழுப்பிக் குரைப்பை நிறுத்தும் கருவி விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம் என்பதே என் முடிவு. மனிதக் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரை, நாய்க்குச் சுமார் 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பது உண்மை. ஆனால் அவ்வளவு உயர்ந்த ஒலி காற்றிலேயே வேகமாகத் தேய்ந்துவிடும். சுவர், கண்ணாடி, அடர்ந்த செடி எது குறுக்கே வந்தாலும் தடைபடும். கருவியின் முகம் நாயை நேராகப் பார்க்கவும் வேண்டும். வயதான நாய்க்கு உயர் சுருதிகள்தான் முதலில் கேட்காமல் போகும். இத்தனையும் தாண்டிக் கேட்டாலும், சில நாட்களில் பழகிவிடும் நாய்கள் ஒரு பக்கம், பயந்துபோய் இன்னும் அதிகமாகக் குரைப்பவை இன்னொரு பக்கம். எதிர்வீட்டில் சும்மா படுத்திருக்கும் நாயும் சேர்ந்து அவதிப்படும். பக்கத்து வீட்டாருக்குத் தெரியாமல் அவர்கள் நாய்மேல் கருவியைத் திருப்பி வைத்தது தெரியவந்தால் அதற்குப் பிறகு பேச்சுவார்த்தைக்கு வழியில்லை.

கேள்வி: நான் நாய் வளர்ப்பவள். நான் வெளியே போனால் அது ஊளையிட்டுக் குரைப்பதாக மாடிவீட்டு அக்கா சொன்னார். கதவையும் பிறாண்டி வைத்திருக்கிறது. என்ன செய்ய?

பதில்: முதலில் கைப்பேசியையோ கேமராவையோ வைத்துவிட்டுப் போய், நீங்கள் கிளம்பியபின் நடக்கும் முதல் அரைமணி நேரத்தைப் பாருங்கள். பிரிவுப் பதற்றம் உள்ள, அதாவது தனியாக விடப்படுவதைத் தாங்க முடியாத நாய் பெரும்பாலும் அதற்குள்ளேயே தொடங்கிவிடும்: வாசலுக்கும் சன்னலுக்கும் அலையும், மூச்சிரைக்கும், எச்சில் ஒழுகும், பிரியமான தின்பண்டத்தைக்கூடத் தொடாது. சலிப்பில் குரைக்கும் நாய் முதலில் தின்னும், தூங்கும், பிறகு எழுந்து குரைக்கும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

சலிப்பு என்றால் வேலை சுலபம். கிளம்புவதற்கு முன் அரைமணி முதல் முக்கால் மணிநேர நடை. இழுத்துக்கொண்டு ஓடும் நடையல்ல. நின்று நின்று மோப்பம் பிடிக்க விடும் நடை. மோப்பம் நாயைக் களைப்பாக்குவதுபோல் ஓட்டம் களைப்பாக்குவதில்லை. காலை உணவைத் தட்டில் போடாமல் பாதியைத் தரையில் தூவி விடுங்கள். மீதியை உள்ளே குழிவான ரப்பர் பொம்மையில் அடைத்து, முந்தைய இரவே உறைய வைத்து, வாசலைத் தாண்டும்போது கொடுங்கள். நடுப்பகலில் ஒருவர் வந்து பதினைந்து நிமிடம் வெளியே கூட்டிப்போனால் நீண்ட பகல் இரண்டு சிறு பகல்களாகிவிடும்.

உங்கள் கடிதத்தில் ஊளையும் கதவுப் பிறாண்டலும் இருப்பதால் பதற்றமாகத்தான் தோன்றுகிறது. அதற்குப் பொறுமை வேண்டும். சாவியை எடுப்பது, செருப்பு மாட்டுவது, பையைத் தோளில் போடுவது இவைதான் நாய்க்கு அபாய மணி. நாளுக்குப் பத்துப் பதினைந்து முறை சாவியை எடுத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்காருங்கள். செருப்பு மாட்டிக்கொண்டு சமையலறைக்குப் போங்கள். சாவிச் சத்தத்துக்குத் தலை தூக்காத நிலை வந்தபின் கதவைத் திறந்து மூடுங்கள். பிறகு வெளியே போய் 5 விநாடியில் திரும்புங்கள். அப்புறம் 10, 20, மறுபடி 5, 40, 15. ஏறிக்கொண்டே போனால் நாய் அதைக் கணித்துவிடும். கலந்து கலந்து வையுங்கள். நாய் பதறுவதற்கு முன் திரும்பி வந்துவிட வேண்டும், பதறிய பிறகு அல்ல. முதல் 40 நிமிடத்தை எட்டுவதுதான் பெரும்பாடு. அதைத் தாண்டிவிட்டால் நேரத்தைத் தாராளமாகக் கூட்டலாம்.

இந்தப் பயிற்சி கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். காலையில் 2 நிமிடம் பழக்கிவிட்டு, பிற்பகலில் 6 மணிநேரம் விட்டுவிட்டுப் போவார்கள். நாய் அந்த 6 மணிநேரத்தைத்தான் நினைவில் வைத்திருக்கும். பழக்கும் வாரங்களில் அது தாங்கும் நேரத்துக்கு மேல் தனியாக விடாதபடி உறவினர், நண்பர், பகல்நேரக் காப்பகம் என்று ஏதாவது ஏற்பாடு செய்யுங்கள். முடிந்தால் மாடிவீட்டு அக்காவிடமே கேட்கலாம். சத்தம் குறைவதில் அவருக்கும் அக்கறை உண்டு. கூண்டில் பூட்டுவது இத்தகைய நாய்க்கு ஆபத்து. கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும். துணைக்கு இன்னொரு நாய் வாங்குவதும் பொதுவாகப் பலிப்பதில்லை. அது தேடுவது உங்களை. வீடு திரும்பியதும் பிறாண்டிய கதவைக் காட்டித் திட்டாதீர்கள். எதற்குத் திட்டு என்று அதற்குப் புரியாது, நீங்கள் வருவதுகூடப் பயமாகிவிடும்.

பதற்றம் கடுமையாக இருந்தால் கால்நடை மருத்துவர் ஃப்ளூவாக்ஸிடின் அல்லது குளோமிப்ரமின் போன்ற, பதற்றம் தணிக்கும் மருந்தைப் பயிற்சியோடு சேர்த்துத் தரக்கூடும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். வீட்டில் யாருக்கோ எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடும் வேலை வேண்டாம்.

கேள்வி: எதிர்வீட்டு நாய் கேட்டருகே நின்று, போகிற வருகிற எல்லோரையும் குரைக்கிறது. நல்ல மனிதர்கள்தான், “என்ன பண்றதுன்னே தெரியல” என்கிறார்கள். என்ன சொல்லட்டும்?

பதில்: நாயின் கணக்கைப் பாருங்கள். ஆள் வந்தான், குரைத்தேன், ஆள் போய்விட்டான். அவன் தன் வழியில் போனான் என்பது அதற்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் பலமுறை வெற்றி. இதை வெறும் அதட்டலால் மாற்ற முடியாது. நாம் கத்தினால் வீட்டுக்காரரும் கூடக் குரைக்கிறார் என்று அது உற்சாகமடைவதுதான் மிச்சம்.

முதலில் காட்சியை மறைக்கச் சொல்லுங்கள். கம்பிக் கேட்டுக்கு உட்புறம், நாய் பின்னங்காலில் எழுந்து நின்றாலும் எட்டாத உயரத்துக்கு, ஒளிபுகாத தகடோ பலகையோ. கேட்டின் அடிப்பகுதி இடுக்கையும் அடைக்க வேண்டும். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். கால்கள் நடமாடுவது தெரிந்தாலே அதற்குப் போதும். சன்னலாக இருந்தால் கீழ்ப்பாதிக்குப் பனிக்கண்ணாடி போன்ற ஒட்டுத்தாள். ஆள் இல்லாத நேரத்தில் வாசல் பக்கமே விடாமல், வீட்டின் பின்பகுதியில் படுக்கை.

பிறகு ‘போதும்’ பயிற்சி. வீட்டில் ஒருவர் தெருவில் நடக்க, நாய் இரண்டு மூன்று முறை குரைக்கட்டும். சாதாரணக் குரலில் “போதும்” என்று சொல்லி, மணமான தின்பண்டத் துணுக்கை மூக்கருகே காட்டவும். மோப்பம் பிடிக்கும்போது குரைக்க முடியாது. 2 விநாடி அமைதி, உடனே துணுக்கு. அது பழகியதும் 5 விநாடி, 10, 20. ஒரு வேளைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வாயைக் கையால் பிடித்து மூடுவது கடி வாங்கும் வழி.

தின்பண்டத்துக்காகக் குரைக்கும் நாய் வேறு ரகம். அங்கே கவனிக்காமல் இருப்பதே மருந்து. ஆனால் அப்படி விட்டால் முதல் சில நாட்கள் குரைப்பு கூடும், அதுவரை பலித்தது ஏன் பலிக்கவில்லை என்று. அந்த நாட்களில் பொறுக்காமல் கொடுத்துவிட்டால், இன்னும் நீளமாகக் குரைத்தால்தான் கிடைக்கும் என்று கற்றுக்கொடுத்ததாகிவிடும். இந்தக் காரணத்துக்காகவே, பயிற்சி தொடங்கும் வீட்டுக்காரர் அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

கேள்வி: குரைக்கும்போது மதிலுக்கு மேல் ஒரு பிஸ்கட் போட்டால் அமைதியாகிவிடுகிறது. தொடரலாமா?

பதில்: குரைத்தால் பிஸ்கட் என்று நீங்கள்தான் பழக்குகிறீர்கள். அந்த நாய்க்கு ஒவ்வாமையோ சர்க்கரை நோயோ இருக்கலாம். சாக்லேட், திராட்சை, சைலிட்டால் இனிப்பு கலந்த பண்டங்கள் நாய்க்கு நஞ்சு. நாளை அதற்கு உடம்பு சரியில்லை என்றால் முதல் சந்தேகம் உங்கள்மேல். வீட்டுக்காரர் சம்மதித்து, அவர் கொடுத்த பண்டத்தையே, நாய் அமைதியாக இருக்கும் நேரத்தில் போடலாம். அப்போது உங்கள் தலை தெரிந்தால் குரைக்காமல் வாலாட்டும்.

கேள்வி: கீழ்வீட்டில் ஒரு பாட்டி, அவருக்குத் துணை ஒரு கிழட்டு நாய். இரவு இரண்டு மணிக்குச் சுவரைப் பார்த்துக் குரைக்கிறது. புகார் சொல்ல மனம் வரவில்லை.

பதில்: புகாராகச் சொல்லாதீர்கள், நோயின் அறிகுறியாகச் சொல்லுங்கள். இரவில் உலாத்துவது, மூலையில் போய் நின்று திரும்பத் தெரியாமல் விழிப்பது, வீட்டுக்குள் சிறுநீர் கழிப்பது, பகலெல்லாம் தூங்கி இரவில் விழிப்பது இவை முதிய நாய்களுக்கு வரும் மூளைத் தேய்வின் அடையாளங்கள். மூட்டுவலி, சிறுநீர்த் தொற்று, கண் மங்கல், காது மந்தம் ஆகியவையும் இப்படிக் குரைக்க வைக்கும். இவற்றில் பலவற்றுக்கு மருத்துவம் உண்டு. கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போக ஒரு கை கொடுங்கள்; குரைக்கும் நேரம் எழுதிய தாளும், நாய் சுவரருகே நிற்கும் கைப்பேசிக் காணொளியும் அவருக்கு மிகவும் பயன்படும். அதுவரை, இரவு படுக்கும்முன் கடைசியாக ஒருமுறை வெளியே விடுவது, மங்கிய விளக்கொன்று எரிய விடுவது, வழுக்காத விரிப்பு, பாட்டியின் கட்டிலருகே படுக்கை. பாதி இரவுகளாவது மிஞ்சும்.

கேள்வி: இரவுப் பணி பார்ப்பவன் நான். பகலில் தூங்க வேண்டும். என் அறையைச் சத்தம் வராமல் செய்ய முடியுமா?

பதில்: முழுக்க முடியாது, தூங்குமளவு முடியும். ஒரு கணக்கு போடுவோம். நாயிலிருந்து 1 மீட்டரில் குரைப்பு 90 டெசிபல் என்று வைத்தால், திறந்த வெளியில் தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 டெசிபல் குறையும்: 2 மீட்டரில் 84, 4இல் 78, 8இல் 72, 16 மீட்டரில் 66. சன்னல் சற்றுத் திறந்திருந்தால் சுமார் 15 கழியும், உள்ளே 51. உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், படுக்கையறையில் திடீரென எழும் தனி ஒலி 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. இடுக்கில்லாமல் மூடிய சன்னல் 25 டெசிபல் தடுத்தாலே நீங்கள் 41க்கு வந்துவிடுவீர்கள்.

ஆகவே செலவை இடுக்கிலிருந்து தொடங்குங்கள். சன்னல் சட்டத்தில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் அங்கே காற்றும் சத்தமும் போகிறது. சுற்றிலும் ரப்பர் பட்டை, கதவடியில் தடுப்புப் பட்டை. அதற்கும் மேல் வேண்டுமென்றால் இருக்கும் சன்னலுக்கு உட்புறம் 100 மில்லிமீட்டராவது இடைவெளி விட்டு இரண்டாவது கண்ணாடி; இடைவெளி குறைந்தால் பலனும் குறையும். சுவரில் ஒட்டும் மேடுபள்ளப் பஞ்சுத் தகடுகளை நம்பி ஏமாறாதீர்கள். அவை அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், வெளிச் சத்தத்தைத் தடுக்காது. சத்தத்தைத் தடுப்பது கனமும் அடைப்பும். செடிவேலிக்கும் இதே பதில்தான்.

மிச்சச் சத்தத்தை மூடி மறைக்க, சன்னலுக்கும் தலைமாட்டுக்கும் நடுவில் ஒரு மின்விசிறியோ சீரான இரைச்சல் எழுப்பும் கருவியோ. பஞ்சுக் காதடைப்பானை மெல்லிசாக உருட்டி, மறு கையால் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்துச் செருகி, அது உப்பும்வரை 30 விநாடி விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பாதி மட்டும் செருகிவிட்டுப் பலனில்லை என்பவர்கள்தான் அதிகம்.

கேள்வி: மின் அதிர்ச்சிக் கழுத்துப்பட்டை, குரைப்பை அடக்கக் குரல் நாணை வெட்டும் அறுவை சிகிச்சை பற்றி?

பதில்: இரண்டும் வேண்டாம். பதற்றத்தில் குரைக்கும் நாய்க்கு அதிர்ச்சி கொடுத்தால் பதற்றம் கூடும். சில நாய்கள் குரைப்பதை விட்டுக் கடிக்கத் தொடங்கும். வேல்ஸில் இந்தப் பட்டை 2010இலேயே தடை செய்யப்பட்டது. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் நாய் குரைக்க முயலும், கரகரத்த சத்தம் வரும். குரல்வளையில் தழும்பு வளர்ந்து மூச்சையே அடைக்கவும் கூடும். 1987இன் ஐரோப்பிய வளர்ப்புப் பிராணிகள் பாதுகாப்பு உடன்படிக்கை, சிகிச்சைக் காரணமின்றி இதைச் செய்வதைத் தடுக்கிறது.

கேள்வி: குரைக்கிற நாய் கடிக்காது என்பது உண்மையா?

பதில்: குரைத்துவிட்டுக் கடித்த நாய்கள் எத்தனையோ. வாயை விட்டுவிட்டு உடம்பைப் பாருங்கள்: விறைத்து அசையாமல் நிற்பது, நிலைகுத்திய பார்வை, உதடு தூக்கிப் பல் காட்டுவது. அப்படியானால் கண்ணை வேறு பக்கம் திருப்பி, பக்கவாட்டில் மெல்ல விலகுங்கள். ஓடாதீர்கள்.

கேள்வி: பேசியாயிற்று, எழுதிக் கொடுத்தாயிற்று, இரண்டு மாதம் ஆகிறது. ஒன்றும் நடக்கவில்லை. புகார் கொடுக்கலாமா?

பதில்: அவர்கள் எதுவுமே செய்யவில்லையா, செய்தும் பலிக்கவில்லையா? கேட் மறைத்து, நடைக்குக் கூட்டிப்போய், நாள் ஒன்றுக்கு 3 மணிநேரக் குரைப்பு 1 மணிநேரமாகக் குறைந்திருந்தால் இன்னும் ஒரு மாதம் கொடுங்கள். பழைய குறிப்பேட்டோடு இந்த வாரக் குறிப்பை ஒப்பிட்டால் தெரிந்துவிடும். காது மட்டும் இதைச் சொல்லாது, ஏனென்றால் எரிச்சலில் இருக்கும் காதுக்கு ஒரு குரைப்பும் நூறு குரைப்பும் ஒன்றுதான்.

எதுவும் செய்யவில்லை என்றால், குடியிருப்போர் சங்கமோ வீட்டு உரிமையாளரோ இருந்தால் முதலில் அங்கே; பிறகு உங்கள் பகுதி உள்ளாட்சி அலுவலகம். சட்டம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் புகார் எழுதும்முன் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எந்த நேரம் அமைதி நேரமாகக் கணக்காகிறது, குறிப்பேட்டை எந்த வடிவில் கேட்கிறார்கள், இன்னொரு வீட்டாரின் சாட்சியம் வேண்டுமா. குறிப்பேட்டின் நகல், நீங்கள் கொடுத்த கடிதத்தின் நகல், ஒன்றிரண்டு பதிவுகள் இணைத்தால் போதும். நாய் நாள் முழுக்கக் கயிற்றில், நிழலோ தண்ணீரோ இல்லாமல் கட்டிக்கிடந்தால் அது சத்தப் புகார் அல்ல, பிராணி வதைப் புகார். அதற்கு இரண்டு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை, இன்றே கொடுங்கள்.